தையல் மிஷினுக்கு ஆண்டு நிறைவு

காஞ்சிபுரத்தில் சாமிக்குப் பஞ்சம் கிடையாது. காய்ச்சல் வந்தால் ஒரு சன்னிதி, மாடு காணாமல் போனால் ஒரு சன்னிதி, பெண்ணுக்கு வரன் தள்ளிப் போனால் இன்னொரு சன்னிதி என்று ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு வாசல் உண்டு. ஒரே ஒரு குறைதான் இருந்தது. தையல் மிஷின் செத்துப் போனால் போய் அழுவதற்கு ஓர் இடம் இல்லை. அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் சஞ்சீவி சுவாமிகள் வந்து அந்தக் குறையையும் தீர்த்து வைத்தார்.

சர்வதீர்த்தக் குளக்கரை மண்டபத்தில் அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், பெரிய காஞ்சிபுரத்தில் எந்தத் தெருவில் பார்த்தாலும் கை மிஷினை இடுப்பில் சுமந்த பெண்கள். சிலர் அதற்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். மிஷினுக்குக் கன்னம் எந்தப் பக்கம் என்பதில்தான் கொஞ்சம் தகராறு. திருப்புட்குழியிலிருந்து பஸ் ஏறிய எல்லம்மாளிடம் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். "ஒரு வயசுக் கொழந்தைக்கு ஏதுபா டிக்கெட்டு?" என்று அவள் சண்டை பிடிக்க, பஸ் முழுவதும் அவள் பக்கம் நின்றதாம். கண்டக்டர் மட்டும் கணக்கில் மோசம் போனார். மற்றவர்கள் மண்டபத்துக்குப் போய் மோசம் போனார்கள்.

இந்த மிஷின்களெல்லாம் கூடப் பிறந்தவை. போன வருஷம் விஜயதசமியன்று, ராஜ வீதியில் கடை வைத்திருக்கும் ஆதிகேசவன், நாதஸ்வரம் வைத்து, நல்ல நேரம் பார்த்து, மங்களா மார்க் தையல் மிஷின்களை மூட்டை மூட்டையாக அரிசி விற்பது போல விற்றுத் தீர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கியாரண்டிக் கார்டு. "ஒரு வருஷத்துக்குள்ள எது கெட்டாலும் நான் பொறுப்பு!" என்று மைக்கில் முழங்கினார். நம் ஜனங்கள் கார்டை வீட்டுக்குக் கொண்டு போய் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்கள். அது எதற்கு, என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சள் தடவிய பொருளைக் கேள்வி கேட்கலாமா?

வருஷம் திரும்பியது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேறு பொருளாக இருந்தால் கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இதற்குத் துக்கம் விசாரித்தார்கள். "ஒரு வருஷம்னு எழுதித்தானே குடுத்தாங்க? அதுக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தால், பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள். கியாரண்டி என்றால் பிரம்மா எழுதிய ஆயுள் என்று தெருத் தெருவாக முடிவாகிவிட்டது. ஆதிகேசவன் அதை மறுக்கவில்லை. நல்ல வியாபாரி, வாடிக்கையாளர் மனம் நோகப் பேசமாட்டார்.

முடிவுக்குக் கட்டுப்படாதவள் ரேணுகாம்பாள் ஒருத்திதான். பெரிய அறிவாளி என்பதால் அல்ல. அவளுக்குத் துக்கம் கொண்டாட நேரமில்லை. ஜரிகை கிடைக்காமல் புருஷன் பரமசிவத்தின் தறி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. பரமசிவமும் அதன் பக்கத்தில் சும்மா கிடந்தான். வீட்டில் உலை கொதித்தது அவளுடைய மிஷினால்தான். மெட்ராஸிலிருந்து பட்டுப் புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டாரின் ரவிக்கைத் துண்டுகளைப் புடவைக் கடைக்காரர் அவளிடம் அனுப்பி வைப்பார். இப்போதும் ஒரு கல்யாணத்துத் துணி மூட்டையாகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த கல்யாணம் வேறு தையற்காரி வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் உலையில் கியாரண்டிக் கார்டைத்தான் போட வேண்டும்.

மூட்டையைப் பிரித்து முதல் ரவிக்கைக்குக் கை தைக்கும்போது மிஷின் கரக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. தூக்கிக்கொண்டு ஆதிகேசவன் கடைக்கு ஓடினாள்.

"மொதலாளி, மிஷின் நின்னு பூடுச்சு."

ஆதிகேசவன் கார்டை வாங்கினார். மஞ்சளை நகத்தால் சுரண்டித் தேதியைப் படித்தார். நாடி பார்த்துக் கையை விட்ட வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"கியாரண்டி முடிஞ்சி ரெண்டு வாரம் ஆயிடுச்சேம்மா. அதுக்குள்ள வந்திருந்தா நான் பொறுப்பு."

"ஆடி மாசமே வந்தேனே! கரக் கரக்குன்னு சத்தம் வருதுன்னு இங்க நின்னுதானே சொன்னேன்? ஒங்க மெக்கானிக்கு சிட்டிபாபுதான் தொறந்து பாத்தாரு. பல்சக்கரம் தேஞ்சிருக்குது, வேற சக்கரம் மெட்ராஸ்லேருந்து வரணும்னாரு."

"வந்துக்கினுதாம்மா இருக்குது."

"ஆடியில கெளம்புன சக்கரம் ஐப்பசியிலயும் வந்துக்கினு இருக்குதா? சக்கரம் உருண்டே வருதா மொதலாளி?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். ஆதிகேசவன் சிரிக்கவில்லை.

"சிட்டிபாபுவைக் கூப்புடுங்க. அவரையே கேக்கறேன்."

"அவன் திருப்பதிக்கு மொட்டை போடப் போயிருக்கான். இத பாரும்மா, இதெல்லாம் சக்கரத்துல இல்ல, ஜாதகத்துல இருக்குது. கொளக்கரை மண்டபத்துல சஞ்சீவி சுவாமிகள்னு ஒரு மகான் வந்திருக்காரு. செத்த மிஷினுக்கு உசுரு குடுக்கறாரு. அங்க போ."

"வித்தது நீங்க, உசுரு குடுக்கறது அவரா?"

"நான் வெறும் யாவாரிம்மா" என்று ஆதிகேசவன் இரண்டு கையையும் விரித்தார். அவ்வளவு அடக்கம்.

ரேணுகாம்பாள் மண்டபத்துக்குப் போனாள். வேடிக்கை பார்ப்பதற்குத்தான். சுவாமிகளுக்குப் பார்த்தால் நாற்பது வயது இருக்கும்; அவர் சொல்லும் கணக்கில் நானூறு. காவிப் பட்டு உடுத்தி, இன்னொரு காவிப் பட்டை மேலே போர்த்தி, அதன் முந்தி பின்னால் ஒரு முழம் புரளப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் பெரிய திரை. மாம்பழ நிறம், கிளிப்பச்சை, அரக்கு என்று துண்டு துண்டாக ஒட்டுப் போட்ட பட்டுத் திரை. அது எப்படி வந்தது என்பது சீக்கிரம் புரிந்தது. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஆயுள் ஹோமம் செய்து, காது குத்தி, புத்தாடை போடுவார்கள் அல்லவா? அதே சடங்குதான் மிஷினுக்கும். புத்தாடைக்கு ஜரிகை போட்ட பட்டு ஒரு முழம். பருத்தியென்றால் எமன் இரங்கமாட்டானாம். எமனுக்கும் காஞ்சிபுரத்து ருசி தெரிந்திருக்கிறது.

சட்டங்கள் கடுமை. செத்த மிஷினின் கைப்பிடியை யாரும் சுற்றக் கூடாது, தீட்டு. சுவாமிகளும் சுற்றமாட்டார். பில்லில் உள்ள நேரத்தைக் கேட்பார், விரல் மடக்குவார், தோஷத்தைச் சொல்வார். பிறகு காது குத்த மிஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளுவார். உள்ளே டொக் டொக்கென்று ஒரு சத்தம், கிர்ரென்று இன்னொரு சத்தம்.

"பாசக்கயிற்றை அறுக்கிறேன்" என்பார் சுவாமிகள், வெளியே உட்கார்ந்தபடியே.

எண்ணெய் வாசனை வரும். "எமனுடைய எருமை வந்து நிற்கிறது" என்பார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் காலையில் மிஷின் ஓடும். அதுதான் விஷயம்! உண்மையாகவே ஓடும். பிறகு எந்த வாய் எதிர்த்துப் பேசும்?

எல்லம்மாளின் மிஷினுக்கு அன்று முறை. "பிறந்தது விஜயதசமி, காலை. மிருகசீரிட நட்சத்திரம். சனி பார்க்கிறான்" என்றார் சுவாமிகள். அடுத்த மிஷினும் விஜயதசமி, காலைதான். அதற்குக் கேட்டை நட்சத்திரம், செவ்வாய் பார்த்தான்.

ரேணுகாம்பாள் பக்கத்திலிருந்தவள் காதில் குனிந்தாள். "ஒரே நாளு, ஒரே நேரம், ஒரே கடை. நச்சத்திரம் எப்படி ரெண்டாச்சு?"

"வேற வேற பொட்டியிலேருந்துதானே எடுத்தாங்க? கம்முனு இரும்மா, கஷ்டத்துல இருக்கற மிஷினைப் பத்தித் தப்பா பேசாத."

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அவளுடைய முறை வந்தபோது சுவாமிகள் அடுத்த வாரம் வரச் சொன்னார், ஜரிகைப் பட்டோடு. வெள்ளிக்கிழமையோ இந்த வாரம். பட்டோ வீட்டுத் தறியில் ஒரு இழைகூட இல்லை. கல்யாண வீட்டுத் துணியில் வேண்டுமானால் ஒரு முழம் வெட்டலாம். வெட்டினால் மணப்பெண் ஒரு கை ரவிக்கையோடுதான் மணையில் உட்கார வேண்டும். ரேணுகாம்பாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் பக்கத்து வீட்டு அலமு அழுத கண்ணோடு காத்திருந்தாள்.

"அக்கா, எம் மிஷினுக்கும் வருஷம் திரும்பிடுச்சு. நாளைக்கி சாமிகிட்ட தூக்கிக்கினு போறேன். தொணைக்கு வர்றியா?"

"ஒன்னுது எப்ப நின்னுது?"

"ஓடவே இல்ல, எப்படிக்கா நிக்கும்? பொண்ணுக்குச் சீரு குடுக்கறதுக்கு வாங்கி வெச்சதாச்சே."

ரேணுகாம்பாள் நேரே அலமு வீட்டுக்குள் போனாள். மூலையில் பட்டுத் துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அம்மன் மாதிரி வீற்றிருந்தது மிஷின். துணியை எடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். அலமு வாயைப் பொத்திக்கொண்டாள். மிஷின் ராட்டையில் பட்டு நூல் ஓடுவது போல நைஸாக ஓடியது.

"இதும் என்னுதும் ஒண்ணாத்தானே வாங்கினோம்?"

"ஆமாக்கா. வரிசையில நீ முன்னாடி, நான் பின்னாடி."

"ஒரே நேரம், ஒரே கார்டு. ஒழைச்சது செத்துப் பூடுச்சு, ஒக்காந்துக்கினு இருந்தது குத்துக்கல்லாட்டம் இருக்குது. அப்ப எமன் ஜாதகம் பாத்துக்கினு வர்லடி. பல்சக்கரம் தேயறதப் பாத்துக்கினுதான் வர்றான். ஒரு வருஷம் ஒழைச்சா தேஞ்சி போற சக்கரத்த வெச்சி வித்திருக்கான் அந்த ஆளு."

"அப்ப எம் மிஷினுக்கு ஹோமம் வேணாமா?" அலமுவின் குரலில் ஏமாற்றம். பட்டுத் துண்டுகூட எடுத்து வைத்துவிட்டாள் பாவம்.

"வேணும்டி. கண்டிப்பா போவோம். ஆனா காலையில நான் இதுல ரெண்டு ரவிக்கை தெச்சிக்கறேன். மண்டபத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது அலமுவுக்கு ஹோமத்தைவிடச் செலவு பிடித்த காரியம். ஆனாலும் தலையாட்டினாள்.

மறுநாள் மண்டபத்தில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. அலமுவின் கையில் பட்டுத் துண்டைப் பார்த்ததும் சுவாமிகளின் அடுத்த வாரம் இந்த வாரமாகிவிட்டது. ரேணுகாம்பாள் அலமுவின் மிஷினைச் சுவாமிகளின் பக்கத்தில், திரையோரமாக வைத்தாள். நூல் கோத்து, ஊசி பூட்டி, தயாராக இருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்?

"செத்துப் போச்சு சாமி" என்றாள்.

அலமு "அக்கா!" என்றாள். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

சுவாமிகள் விரல் மடக்கினார். "செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில் உயிர் பிரிந்திருக்கிறது. உள்ளே நாடியெல்லாம் அறுந்து கிடக்கிறது, குழந்தாய்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சாமி. செத்தது நெஜந்தானா?"

"நானூறு வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன்!"

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி தையல் மிஷின் ஏது சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று தெரியவில்லை. சுவாமிகளுக்கும் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"எமனோடு பேசப் போகிறேன். எல்லோரும் கண்ணை மூடுங்கள். திறந்தவர்களின் மிஷின் பிழைக்காது!"

மண்டபம் முழுவதும் கண்ணை மூடியது. மூடியே இருந்த கண்ணை மறுபடி மூடுவது பெரிய வேலையா? சுவாமிகளும் மூடினார். ரேணுகாம்பாள் மட்டும் மூடவில்லை. சுவாமிகளின் போர்வை முந்தியை மெல்ல இழுத்தாள். திரையின் ஓரத்தையும் இழுத்தாள். இரண்டையும் சேர்த்து ஊசிக்குக் கீழே வைத்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றினாள்.

டகடகடகவென்று மண்டபம் அதிர்ந்தது.

"ஐயோ, பொழைச்சிடுச்சு!" என்று எல்லம்மாள் கத்தினாள். "சாமி பேச ஆரம்பிச்ச ஒடனே பொழைச்சிடுச்சு!" பத்துப் பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

சுவாமிகளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு சக்தி தன்னிடம் இருப்பது அவருக்கும் அன்றுதான் தெரியும். ஆனால் தொழில் தெரிந்தவர். ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டு, "பார்த்தீர்களா! என் ஒரு பார்வைக்கே எமன் ஓடிவிட்டான்!" என்றார்.

"எமன் வரவே இல்லியே சாமி" என்று ரேணுகாம்பாள் எழுந்து நின்றாள். மடியிலிருந்து ஒரு அரக்கு நிற ரவிக்கையை எடுத்து உதறினாள். "இந்த மிஷினு சாகவே இல்ல. செவ்வாக்கெழம செத்துதுன்னு சொன்னீங்களே, இன்னிக்கி காலையில இதுலதான் இதத் தெச்சேன். அலமு, இப்ப வாயத் தொற!"

அலமு அணை உடைந்த மாதிரி ஆரம்பித்தாள். "ஆமா சாமி! இது ஓடற மிஷினு! ஒரு நோவும் கெடையாது! நான்தான் வருஷம் திரும்புதேன்னு பயந்துக்கினு..."

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பக்கத்தில் பரவியது.

"சந்தேகப் பிராணிகள் இருக்கும் இடத்தில் நான் இருக்கமாட்டேன்!" என்று சுவாமிகள் பலகையிலிருந்து துள்ளி எழுந்து நடந்தார். நாலடி வைத்ததும் போர்வை பின்னால் இழுத்தது. எமனே பிடித்துவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். ரேணுகாம்பாளின் தையல் கல்யாணத் தையல், பிரியவில்லை. திரைதான் பிரிந்தது. மாம்பழ நிறமும் கிளிப்பச்சையும் அரக்குமாகச் சரிந்து அவர் தலையிலேயே விழுந்தது.

"அடி வுடும்மா! கயுத்த இறுக்குதுமா! அய்யோ!" நானூறு வருஷத்துச் செந்தமிழ் ஒரே நிமிஷத்தில் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிவிட்டது. அங்கேதான் முன்பு பல்பொடி விற்றுக்கொண்டிருந்தாராம்.

ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. திரை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே எல்லம்மாளின் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, கையில் திருப்புளியும் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தான், திருப்பதிக்குப் போன சிட்டிபாபு. தலைமுடி ஒன்றுகூடக் குறையவில்லை. முன்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறையப் பளபளவென்று புதுப் பல்சக்கரங்கள்.

"இன்னா சிட்டிபாபு, திருப்பதியில கூட்டமா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"நான் கூலிக்காரன்மா, என்னை அடிச்சிடாதீங்க!" சிட்டிபாபு திருப்புளியைக் கீழே போட்டான். "மொதல்ல வெச்ச சக்கரம் மட்டம்னு கம்பெனிக்கே தெரிஞ்சி போச்சு. ஆவணியிலயே இந்தப் பொட்டிய அனுப்பி, காசு வாங்காம எல்லாருக்கும் மாத்திக் குடுன்னாங்க. மொதலாளிதான் வருஷம் முடியட்டும்னாரு. அப்பறம் வாலாஜாபாத்ல பல்பொடி வித்துக்கினு இருந்த இவரக் கூட்டிக்கினு வந்தாரு. சேர்ற ஜரிகைப் பட்டுல ஆளுக்குப் பாதின்னு பேச்சு."

எல்லம்மாள் நிதானமாக எழுந்து போய்ச் சரிந்து கிடந்த திரையில் தன் முழத் துண்டைத் தேடினாள். கண்டுபிடித்ததும், "இது எங்க அரக்கு!" என்றாள். அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது. அந்தக் கூச்சலில் சுவாமிகள் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போனார். பிடித்து நான்கு போடவேண்டும் என்றார்கள் சிலர். "அந்தாளு போவட்டும். பல்பொடிக்கார ஆளா நமக்கு மிஷின் வித்தான்? வித்தவன் கடைக்கு நடங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

பெட்டியும் சிட்டிபாபுவும் முன்னால் போக, பெண்கள் மிஷின்களோடு ராஜ வீதிக்கு வந்தார்கள். ஏதோ உற்சவம் என்று நினைத்து ஒருவர் தேங்காய் உடைக்கவும் தயாரானார். ஆதிகேசவன் கடைக் கதவைப் பாதி சாத்தியிருந்தார்.

"கியாரண்டி முடிஞ்சி போச்சும்மா! சட்டம் என் பக்கம்!"

"கார்டுல தேதிதான் முடிஞ்சுது மொதலாளி. தேதி முடிஞ்சா மட்டமான சக்கரம் நல்ல சக்கரமா ஆயிடுமா? ஆடியிலயே வந்து சொன்னேன், வந்துக்கினு இருக்குதுன்னு சொல்லிச் சொல்லி வருஷத்த ஓட்டுனது யாரு? எங்களுக்குன்னு சும்மா வந்த சக்கரத்த எமன் பேரச் சொல்லி வித்தது யாரு?"

"அப்ப கோர்ட்டுக்குப் போங்க!"

"கோர்ட்டு எதுக்கு? கல்யாண சீசனு, எங்களுக்கு வேலை கெடக்குது." ரேணுகாம்பாள், வரும் வழியில் வீட்டிலிருந்து எடுத்து வந்த தன் மிஷினைக் கடைப் படியில் வைத்து உட்கார்ந்தாள். "தெக்குதோ இல்லியோ, இங்கியே ஒக்காந்து கைப்பிடியச் சுத்திக்கினு இருக்கோம். இன்னா சத்தம்னு கிராக்கிங்க கேட்டா, இந்தக் கடையில வாங்குன மிஷின்னு சொல்லிக்கறோம்."

தேய்ந்த சக்கரத்தோடு அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் கரக் கரக்கென்று கத்தினால் எப்படி இருக்கும்? கடைக்குள் வரக் கால் எடுத்தவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். எதிர்க் கடைக்காரர் பெண்களுக்குக் குடிக்கத் தண்ணீர் அனுப்பினார்; தங்கமான மனசு. வெயில் ஏறுவதற்குள் ஆதிகேசவன் வெளியே வந்து, "சிட்டிபாபு, மாத்தித் தொலைடா" என்றார். ஜாதகம் பார்க்கவில்லை, காது குத்தவில்லை, சக்கரம் மாறியது, மிஷின் ஓடியது. திரையை ரேணுகாம்பாளே தையல் பிரித்து அவரவர் பட்டை அவரவரிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கல்யாண ரவிக்கைகள் மெட்ராஸ் போயின.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். மறுவாரம் அலமு வேலி ஓரமாக வந்து நின்றாள்.

"அக்கா, ஐயம்பேட்டையில ஒரு சாமி வந்திருக்காராம். நின்னு போன கடியாரத்துக்குக் கெட்ட நேரத்த எடுக்கறாராம். போய்த்தான் பாப்பமா?"

ரேணுகாம்பாள் மிஷினை நிறுத்தாமல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் பட்டுப் போர்த்திப் பொட்டு வைத்த பொருள் ஒரு வருஷமானாலும் கெடாமல் இருக்கும் என்பதற்கு அலமுவின் மிஷினே சாட்சி. அதே நினைப்பில் மூளையையும் போர்த்தி வைத்திருக்கிறார்கள் நம் ஜனங்கள். அது மட்டும் சுற்றச் சுற்றத்தான் ஓடும். சும்மா வைத்தால்தான் தேயும். அதற்குச் சக்கரம் மாற்றிக் கொடுக்க எந்தக் கம்பெனியும் பெட்டி அனுப்பப் போவதில்லை.